ஏழாம் எண் சட்டை

தேசிய ரக்பி அணிக்குப் பதினெட்டு வருடமாகச் சட்டை தைத்தவளை ஆட்டக்காரர்கள் ஊசியக்கா என்றே கூப்பிடுவார்கள். மைதானப் படிகளுக்கு அடியில் ஜன்னலில்லாத அறை, இரண்டு தையல் மெஷின், கிழிந்த காலர்களின் மூட்டை. அந்த அணி தோற்பது அபூர்வம். எப்படி என்று யாராவது கேட்டால், "எல்லாம் என் கைராசி" என்பாள்.

கோப்பை வென்ற ஒன்பதாம் நாள் அடுத்த தொடருக்கான பட்டியல் வந்தது. ஏழாம் எண்ணுக்கு நேரே புதுப் பெயர், புது மார்பளவு. ஏழு அவள் மருமகனுடையது, அணித்தலைவனும் அவன்தான். விரல் வைத்து மூன்று தடவை படித்தாள். அவன் பெயர் எங்குமே இல்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் பயிற்சியாளர் அறைக்கு ஓடினாள்.

"கோப்பை வாங்கிக் குடுத்த பிள்ளைக்கு இதான் மரியாதையா? ஏறின ஏணிய எட்டி உதைக்கிறீங்களே!"

அவர் எழுந்து நின்றார். "நான் எடுக்கலக்கா. அவரே வந்து சொன்னாரு."

"யாரு?"

"உங்க மாப்பிள்ளை."

அவள் நம்பவில்லை. பயிற்சித் திடலுக்குப் போனாள். மருமகன் இடிதாங்கும் பஞ்சுமெத்தையை இரண்டு கையாலும் பிடித்து நிற்க, புது ஏழு ஓடிவந்து இடித்து அவனைச் சேற்றில் தள்ளிக்கொண்டிருந்தான். அத்தையைப் பார்த்ததும் மருமகன் எழுந்து வந்தான்.

"நீங்களா போய்ச் சொன்னீங்க, மாப்பிள்ளை?"

"ஆமாத்தை. ஃபைனல்ல எதிராளியைப் பிடிக்கிறப்ப ரெண்டு தடவை அரையடி பிந்திட்டேன். யாரும் கவனிக்கல. எனக்குத் தெரியுமில்ல? அவன் பிந்த மாட்டான்."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்க பொண்ணுகிட்டயா? அதுக்குத்தான் தைரியம் வரல."

திரும்பும்போது பயிற்சியாளரை வழிமறித்துக் கேட்டாள். "இதுக்கு முன்னாடி டீம விட்டுப் போனவங்க?"

"பாதிப் பேரு தானா வந்து சொன்னவங்கதான்."

ஒவ்வொருவர் போனபோதும் இந்த மனுஷனையல்லவா அவள் மனதுக்குள் கரித்துக்கொட்டினாள்!

விஷயம் தெரிந்ததும் மகள் தன் புருஷனோடு ஒரு வாரம் பேசவில்லை. புது ஏழின் சட்டையில் ஊசியக்கா தைத்த எண் இரண்டு தடவை கோணலாகிப் பிரிக்க வேண்டியதாயிற்று.

முதல் ஆட்டத்தில் அணி மூன்று புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கூட்டம் கத்தித் தீர்த்தது. கோப்பையைத் தூக்கிய அதே ஆள், எல்லைக்கோட்டோரமாகத் தண்ணீர்ப் புட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடினான். "எல்லாம் உங்க கைராசிக்கா" என்று பக்கத்தில் யாரோ சொல்ல, இல்லையென்று தலையாட்டினாள். அவள் கைதட்டவில்லை. வாயைப் பொத்தியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.