வளைந்த அரைநிலா

டிப்போவில் அவருக்கு நிலாக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. பகலெல்லாம் சாலையையே பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் கொஞ்சம் வானத்தைக் காட்ட வேண்டாமா என்பார். மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். அவர் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

அன்று அரைநிலா. வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோடு, மேடு பள்ளம் போக, மொத்தத்தில் நேராக இருக்கும் நாள். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல் வலக்கண்ணை வைத்தார். கோடு நடுவில் வளைந்திருந்தது.

தூசியாக இருக்கும் என்று துடைத்தார். பிறகு கண் வைக்கும் வில்லையை மெல்லத் திருகினார். குறை வில்லையில் இருந்தால் வளைவும் கூடவே சுற்ற வேண்டும். அது அங்கேயே நின்றது. இடக்கண்ணை வைத்தார்; கோடு நேராகிவிட்டது. குறை வலக்கண்ணில்தான்.

சாலையில் இரண்டு கண்ணும் திறந்திருக்கும். ஒன்றின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். எத்தனை நாளாக மறைக்கிறதோ? போன வாரம் எங்கிருந்தோ முளைத்ததுபோல் பஸ்ஸுக்கு முன்னால் வந்த ஸ்கூட்டர் ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்கு வந்தபடி அந்த ஆளைத் திட்டியிருந்தார். தப்பு யாருடையது என்று இப்போது சந்தேகம் வந்தது.

தொலைநோக்கியை வியாழன் கிரகத்துக்குத் திருப்பினார். அதன் நிலாக்கள் நாலும் அன்று தெரிய வேண்டும். வலக்கண்ணுக்கு இரண்டுதான் தெரிந்தன. லைசென்ஸ் போய்விடும், ஓட்டுவதைத் தவிர வேறு வேலையும் தெரியாது. இடக்கண் நன்றாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்றது மனசு. அப்படி நினைத்ததே அவரை இன்னும் பயமுறுத்தியது.

காய்ந்த துணியை எடுக்க மனைவி மேலே வந்தாள். தொலைநோக்கியில் அவளைப் பார்க்கச் சொன்னார்.

“பெரிய புள்ளிக்குப் பக்கத்துல சின்னதா நாலு. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது,” என்றாள். துணியை மடித்துக்கொண்டே, “காலையில சீக்கிரம் எழுப்புங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு உங்க பஸ்லதான் வரேன்,” என்றும் சொன்னாள்.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து டிப்போவுக்குப் போன் செய்தார்.

“நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க.”

மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ நாலு பாத்தியே, எனக்கு ரெண்டுதான் தெரியுது.”