துண்டால் துடைத்த கீபோர்டு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டிடிபி கடை வைத்திருந்தவரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கனத்த உடம்பு, தடித்த விரல்கள், தோளில் ஒரு துண்டு. ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தத் துண்டால் கீபோர்டை அழுத்தித் துடைப்பார்.

மல்லிகைப் பூச்சிகள் பற்றிய என் ஆய்வேட்டை அச்செடுக்க ஃப்ளாப்பியில் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு படம் சேர்த்தால் மற்றப் படங்களின் எண்கள் தாமே மாறும்படி குறியீடுகள் வைத்திருந்தேன்.

"நம்பர் இருந்த எடத்துல எல்லாம் வைரஸ் எழுத்தா வந்துருச்சு சார். அம்புட்டையும் அழிச்சுட்டு நானே நம்பர் அடிச்சுட்டேன்" என்றார்.

துடைத்தபோது ஏதோ விசைகள் அழுந்தி, எண்களுக்குப் பதில் குறியீடுகள் தெரிந்திருக்கின்றன. அதே விசைகளை மறுபடி அழுத்தியிருந்தால் எண்கள் திரும்பியிருக்கும்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க? நாளைக்குக் கொடுக்கணும். முதல் பக்கத்துலயே இன்னொரு படம் சேர்க்கச் சொல்லிட்டாங்க. இப்ப எல்லா நம்பரையும் யாரு மாத்துறது?"

கத்தினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நா மாத்துறேன் சார். கம்ப்யூட்டரா மாத்தப் போகுது? செத்த நேரம் உக்காருங்க" என்றவர், ஃபைலைத் திறந்துவிட்டுத் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.