ராத்தாவின் விரல்களுக்கு மூன்று தரம்

கொதிக்கிற மீன் குழம்பில், எங்கள் ஊர்ப் பேச்சில் ஆணத்தில், கல்லுப்பு விழும்போது ஒரு சத்தம் வரும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, சின்னப் பெருமூச்சு. இன்றைக்கும் என் குசினியில் அது கேட்டால் ஒன்பது வயதின் பொறாமை வயிற்றில் எரியத் தொடங்கிவிடுகிறது.

உம்மா சவுதிக்கு வீட்டுவேலைக்குப் போகவிருந்த நாட்கள். வள்ளத்தில் விழுந்து இடுப்பொடிந்த வாப்பா எழும்பி நடக்க முடியாமல் கதிரையோடு கிடந்தார். உம்மா பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ராத்தாவுக்குச் சமையல் எழுதினார். சோற்றுக்கு ஒரு தாள், பருப்புக்கு ஒரு தாள், ஆணத்துக்கு ஒரு தாள். ஒட்டிய தாள்களால் குசினிச் சுவரெல்லாம் ராத்தா, ராத்தா. அக்காளுக்கு அத்தனை எழுத்து. எனக்கு ஒரு துண்டுகூட இல்லை.

தாளைப் பார்த்து ராத்தா ஆக்கிய முதல் ஆணம் சப்பென்றிருந்தது.

"உப்பளத்து ஊரில உப்பில்லாத ஆணம்! வெளிய சொல்லிராதீங்க" என்றார் வாப்பா.

எனக்கு உள்ளுக்குள் பெருநாள். இப்போது ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

உம்மா தாளைத்தான் கிழித்தார். "பிழை புள்ளையில இல்ல. நான் என்ட விரல நினைச்சு 'ரெண்டு தரம் அள்ளு' எண்டு எழுதிட்டேன்."

தான் அள்ளிய உப்பை ராத்தாவின் உள்ளங்கையில் வைத்தார். "இப்ப நீ அள்ளிப் பாரு." ராத்தாவின் விரல்களுக்கு அது மூன்று தரம் வந்தது. புதுத் தாளில் அப்படியே எழுதினார். 'கொஞ்ச நேரம்' என்றிருந்த இடமெல்லாம் 'யாசீன் சூரா ஒருக்கா ஓதி முடியும் மட்டும்' என்று மாறியது. நானும் கையை நீட்டினேன்.

"தள்ளி நில்லு, அடுப்பு!" என்றார் உம்மா.

இரவல் பிள்ளை போலத் தள்ளி நின்றேன். ராத்தாவின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை உம்மா என் அளவுக்குப் பிடித்துத் தைத்தபோதும் முனகினேன்: பழசு எனக்கு, தாளெல்லாம் அவளுக்கு. அவள் இனி எதை உடுத்துப் பள்ளிக்கூடம் போவாள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

உம்மாவைக் கூட்டிப்போக வேன் வந்தது. ராத்தா அகப்பையோடு வாசலில் நின்றாள். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கையை விரித்தேன். "எனக்கு மட்டும் ஒண்டும் எழுதித் தரல்லியே உம்மா."

உம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"இந்தக் கைக்கு உப்பு வேணாம் மகள். பேனாவப் புடி."