சைக்கிளுக்குப் பின்னால் பூட்டிய வண்டி

மரச்சீனிக் கிழங்கைக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குச் சுமந்து சுமந்து என் மனைவி ரோஸம்மாளுக்குக் கழுத்து வலி தீரவேயில்லை. அதனால் இரண்டு பழைய சக்கரங்களின் மேல் பலகை அடித்து, சிறு வண்டி செய்து, என் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டினேன்.

முதல் பயணத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அவளும் கூட வந்தாள். இறக்கத்தில் பாரம் என்னைத் தள்ளத் தொடங்கியது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை.

"ஏட்டி, விலகிக்க!" என்று கத்தினேன்.

"ஒரு கல்லு வச்சா நின்னிரும், நீங்க விழுந்திராதீங்க" என்று சக்கரத்தருகே குனிந்தாள். வண்டி அவள் முதுகின் மேல் கவிழ்ந்தது.

ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தும் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இழுவண்டிக்கும் தனியாக பிரேக் வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது கிழங்கை நானே தலையில் சுமக்கிறேன். புறப்படுமுன் அவளைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைக்கிறேன். நான் திரும்பும்வரை அங்கேயே இருக்கிறாள்.