ஐஸ்பெட்டியோரம் நின்று அழுத பெண்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மற்றவர்கள் எழுதுவதைத் தவறாமல் படிப்பேன். நானும் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. இப்போதெல்லாம் அடுப்பில் வைத்ததே மறந்துபோகிறது. இதுவும் மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நடந்து மூன்று வருடம் இருக்கும், நான்காகவும் இருக்கலாம். தைப்பூசம் முடிந்திருந்தது, அது மட்டும் நிச்சயம். ஏனென்றால் சாமி மேடையில் அர்ச்சனைத் தேங்காய் இருந்தது. என் வீடு புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு. கணவர் காலமாகி, மகனும் ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு, மூன்று அறையில் ஒற்றையாக இருக்கப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டேன்.

அப்போது இருந்தவர்கள் இரண்டு பேர். பெயர் எழுதவில்லை. பெரியவள், சின்னவள் என்றே சொல்கிறேன். பெரியவள் கெடா பக்கத்துப் பெண், மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வாசலில் செருப்பைக்கூட நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். சின்னவள் புலாவ் செபாங்கிலிருந்து வந்தவள், டிகிரி கடைசி வருடம். குளியலறையில் பாட்டு, குசினியில் பாட்டு, மேகி மீ வேகும் வரைக்கும் பாட்டு. இரண்டு பேருக்கும் என் வீட்டில்தான் பழக்கம்.

சின்னவள் கடைசி வருடப் புராஜெக்டுக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தாள். சோப்பு டப்பா அளவு இருக்கும். அதை லோங்காங்கில், அதாவது வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கால்வாயில் கட்டிவிட்டால், மழைத் தண்ணீர் ஏறும்போது கத்துமாம், கைப்பேசிக்கும் செய்தி வருமாம். என் துணி ஊறவைக்கும் வாளியில்தான் அதைச் சோதித்துப் பார்ப்பாள். திடீர் திடீரென்று குளியலறையிலிருந்து கீச்சென்று கத்தும். எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

தைப்பூசம் முடிந்த பிறகு வீட்டின் நிலைமையே மாறிவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் பெரியவள் ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்காருவாள். சின்னவள் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். எல்லாம் இங்கிலீஷ்தான். அவள் நாலு வார்த்தை பேசுவதற்குள் பெரியவள் கையைத் தூக்கி நிறுத்துவாள். அந்த நேரத்தில் அவள் குரலே வேறாகிவிடும், முகமும் வேறாகிவிடும். ஏதோ கேட்பாள். சின்னவள் திணறுவாள். பெரியவள் மறுபடியும் அதையே கேட்பாள். ஒரு நாள், சின்னவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் கைப்பேசியை எடுத்து நோண்ட ஆரம்பித்தாள். இன்னொரு நாள், பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். சின்னவள் ஐஸ்பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பாட்டு நின்றுபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நான் குசினியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்தவள் நான். அங்கே ஒரு சூப்பர்வைசர், எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். பதில் தெரிந்திருக்கும், வாய் வராது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பேன். ஐஸ்பெட்டியோரம் சின்னவள் நின்றபோது எனக்கு அவள் தெரியவில்லை, நான்தான் தெரிந்தேன்.

அதிகம் படித்துவிட்ட திமிர், அதனால்தான் பெரியவள் சின்னப் பெண்ணைப் போட்டு வதைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். சின்னவளைக் கூப்பிட்டு, என்னம்மா நடக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரியவளிடமும் கேட்டிருக்கலாம். அடுத்த அறையில்தான் இருந்தாள். எனக்குக் கூச்சம். யாரையும் நேருக்கு நேர் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் டெலிபோனில் சொல்ல மட்டும் கூச்சம் வரவில்லை பாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் சின்னவளின் அம்மாவை அழைத்தேன். உங்கள் மகள் இங்கே தினமும் அழுகிறாள், கூட இருக்கிற பெண் பாடாய்ப் படுத்துகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில்தான் சின்னவள் அந்தப் பெட்டியைப் பற்றி விரிவுரையாளர்கள் முன்னால் பேச வேண்டிய நாள். அது எனக்குத் தெரியாது. அதையும் நான் கேட்கவில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கெல்லாம் அந்தம்மா தம்பியின் காரில் வந்து இறங்கிவிட்டார். அவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர், கண்ணில் தூக்கம் அப்படியே இருந்தது. கையில் காலிப் பை. மகளின் துணிமணிகளை அடைத்துக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். தம்பி காரிலேயே இருந்துவிட்டார்.

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்குப் பரீட்சை, இன்றைக்கு எப்படி வருவேன் என்று கத்தினாள். அந்தம்மா கேட்கவில்லை. படிப்பு போனால் போகட்டும், நீ நல்லபடியாக இருந்தால் போதும் என்றார். சத்தம் கேட்டுப் பெரியவள் அறையிலிருந்து வந்தாள். அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானாம்மா என் பிள்ளய தினமும் அழ வைக்கிறது?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் மறுப்பாள், என்னைக் காட்டிச் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆமாங்க ஆன்டி. நான்தான்."

சின்னவள்தான் குறுக்கே வந்து நின்றாள்.

"மா, ஒண்ணும் தெரியாம பேசாதீங்க லா. அக்கா டிகிரி படிக்கும்போது இதே மாதிரி லெக்சரர்ங்க முன்னால நின்னப்ப வாயே தொறக்கல. அவங்கள முன்கூட்டி யாரும் கேள்வி கேட்டுப் பழக்கல. ஒரு செமஸ்டர் திரும்பப் படிச்சாங்க. எனக்கு அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் வாத்தியார் மாதிரி உக்காந்து கேக்குறாங்க. அழறத எல்லாம் இங்கயே அழுது முடிச்சிரு, அங்க போய் அழாதன்னு சொன்னதே அக்காதான்."

மீதியையும் அவளே சொன்னாள். கைப்பேசியை நோண்டியது, பாதியில் எழுந்து போனது, எல்லாமே வேண்டுமென்று செய்ததாம். பேசும்போது பரீட்சகர் ஒருவர் காது கொடுக்காமல் இருப்பார், இன்னொருவர் வெளியே போவார், அப்போதும் நிறுத்தாமல் பேச வேண்டும் என்று பழக்கினாளாம்.

அந்தம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். உன் லெக்சரர் சொன்னாரா, இது உனக்கு வேலையா என்று பெரியவளைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றாள். உன் படிப்பு என்ன ஆச்சு என்றதற்கு, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அது உண்மைதான். விடியற்காலையில் அவள் அறை விளக்கு எரிவதை நான் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் கரண்டை வீணாக்குகிறாள் என்று மனசுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்கதானே போன் பண்ணி சொன்னீங்க?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. சின்னவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். பெரியவள் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இன்றைக்குக் கடைசித் தடவை பழகப் போகிறோம், நீங்களே உட்கார்ந்து பாருங்கள், அப்புறமும் கூட்டிக்கொண்டு போவதென்றால் போங்கள் என்று அந்தம்மாவிடம் சொன்னாள்.

சின்னவள் ஐஸ்பெட்டியோரம் போய் நின்றாள். அம்மா எதிரே இருந்ததாலோ என்னவோ, மூன்றாவது வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். அந்தம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, நான் செய்த வேலையால் ஒரு பெண்ணின் மூன்று வருடப் படிப்பு வீணாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பெரியவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். குசினி வாசலில் நின்ற என்னிடம் வந்தாள்.

"ஆன்டி, இன்னைக்கு நீங்க உக்காருங்க. நீங்க கேளுங்க, தமிழ்லயே."

எனக்கு எதுவும் தெரியாது, என்னை விட்டுவிடு என்றேன்.

"தெரியாததத்தான் ஆன்டி கேக்கணும்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். என் கை ஈரமாக இருந்தது, அவள் விடவில்லை. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சின்னவளைப் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஞாபகத்துக்கு வந்தது, குப்பை.

"ஏம்மா, நம்ம லோங்காங்ல தண்ணி வர்றதுக்கு முன்னால பிளாஸ்டிக் பையும் போத்தலும்தானே வரும். அது வந்து முட்டினா உன் பெட்டி என்ன பண்ணும்?"

சின்னவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பெட்டி எப்படித் தண்ணீரை அறிகிறது, எந்தக் கம்பி எதற்கு என்று தமிழும் இங்கிலீஷும் மலாயும் கலந்து, கையை ஆட்டி ஆட்டி எனக்குச் சொன்னாள். பாதி புரிந்தது. ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்தாள். பாசாரில் மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் பையை நனைத்து, பெட்டி மேல் போட்டாள். தண்ணீர் ஏறவே இல்லை, பெட்டி கீச்சென்று கத்தியது.

கத்தக்கூடாது, கத்திவிட்டது. ஐயோ, கேட்டுக் கெடுத்துவிட்டேனே என்று எழுந்திருக்கப் போனேன். பெரியவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு. அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

"இத மறைக்காத. நாளைக்கு அவங்க கேக்கறதுக்கு முன்னால நீயே சொல்லிரு. இன்னும் என்ன செஞ்சா சரியா வரும்னும் சொல்லு," என்றாள் சின்னவளிடம்.

அதற்குப் பிறகு சின்னவள் முதலிலிருந்து இங்கிலீஷில் பேசினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்தம்மாவுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தோம். முடிந்ததும் அந்தம்மா எழுந்து, பெரியவளின் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு, மகளிடம் "மொகத்த கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார். தம்பியையும் உள்ளே கூப்பிட்டோம். நான் வைத்த சாம்பாரில் உப்பு கூடிப்போயிருந்தது, யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அந்தம்மா காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

திங்கட்கிழமை மத்தியானம் கதவைத் திறக்கும்போதே சின்னவளின் பாட்டுச் சத்தம் கேட்டது. அழவில்லையாம். குறையைத் தானே சொன்னாளாம். யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டாராம், எங்கள் வீட்டு ஆன்டி என்றாளாம். பெரியவள் செருப்பை நேராக வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் படிப்பைப் பார்த்தாள்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்தபடியே அவள் படிப்பு முடிந்து பினாங்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் போகும் வரைக்கும் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் கதவுக்கு வெளியே ஒரு கப் மைலோ வைத்தேன். அவளும் எதுவும் சொன்னதில்லை. கப் கழுவி, துடைத்து, காது நேராக இருக்கும்படி என் அடுப்பங்கரைக்கு வந்துவிடும்.

சின்னவள் இப்போது இங்கேயே மாஸ்டர்ஸ் படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் சாமி கும்பிட்டுவிட்டு எழும்போது ஹாலில் அழுகைச் சத்தம். எட்டிப் பார்த்தால், நாற்காலியில் காலுக்கு மேல் கால் போட்டுச் சின்னவள். ஐஸ்பெட்டியோரம் புதிதாக வந்த பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். டெலிபோன் அதன் இடத்தில் இருந்தது. நான் நேராக ஹாலுக்குப் போய், "என்னம்மா நடக்குது இங்க?" என்று கேட்டேன். சின்னவள் சிரித்துக்கொண்டே எழுந்து, "வாங்க ஆன்டி, உங்க எடந்தான் இது" என்று நாற்காலியைக் காட்டினாள்.

எந்த வருடம் என்பதும், பெட்டி நீலமா பச்சையா என்பதும், சின்னவளுக்குக் கிடைத்தது எந்த மார்க் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. பினாங்கிலிருக்கும் அந்தப் பெண் கண்ணில் இது பட்டால், தப்பாக இருப்பதைத் திருத்திச் சொல்லட்டும், கூடவே நான் வாய் திறந்து கேட்காத மன்னிப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். யாரைப் பற்றியாவது மனசு ஒரு முடிவுக்குத் தாவும்போதெல்லாம், என் ஈரக்கையைப் பிடித்து அவள் உட்கார வைத்த அந்த நாற்காலியில் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன், எனக்குத் தெரியாததை முதலில் கேட்பதற்கு.