மேனேஜரின் இரண்டு விரல்கள்

எங்கள் மேனேஜர் டீ கப்பை இரண்டே விரலால்தான் பிடிப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்புக்குக் கீழே லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் தங்களுக்கும் அந்தக் கப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல விரிந்து நிற்கும். சுண்டுவிரலில் ஒரு பவள மோதிரம். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கண்ணை மூடிக்கொள்வார். அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த விரல்கள்தான் எனக்குத் தெரியும். தெரிந்த உடனே பற்றிக்கொண்டு வரும். காலமானவர்களைப் பற்றி எழுதும்போது நாலு நல்ல வார்த்தை தேடிப் போட வேண்டியிருக்கிறது. அவர் நன்றாக, தலைக்கு மை அடித்துக்கொண்டு, நடமாடிக்கொண்டிருக்கிறார். அதனால் எனக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பெங்களூர் பொம்மசந்திராவில் பேப்பர் கப் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். புதிய கப்புகளை வரைந்து, அட்டையை விசிறி வடிவில் வெட்டி, சுருட்டி ஒட்டி, மாதிரி செய்து காட்டுவது என் பொறுப்பு. ஒரு பேப்பர் கப்பில் டிசைன் பண்ண என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அவர்கள் வாயை அடைக்க அதே கல்யாண வீட்டு காபியே போதும். கப்பை வாங்கிய கையோடு வலது கைக்கும் இடது கைக்கும் மாற்றி மாற்றி, உஸ் உஸ் என்று ஊதி, உட்கார இடம் தேடி ஓடுவார்கள். கொதிக்கிற காபிக்கும் தோலுக்கும் நடுவில் இருப்பது ஒரு தாள். அந்தத் தாளில் எங்கே காற்றுக்கு இடம் விடுவது, விரல்கள் எங்கே போய் உட்காரும், பாரம் ஏறினால் கப் எங்கே வளையும் என்று யோசிப்பதுதான் என் வேலை.

ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கையைச் சுடாத கப் வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் கேட்டு வந்தார். நோயாளிகளும் கூட இருப்பவர்களும் வார்டு வரைக்கும் எடுத்துப் போய்க் குடிப்பார்கள், கை நடுங்குகிறவர்கள் இருப்பார்கள், ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் என்றெல்லாம் அவர் சொன்னார். நான் ஒரு கப்பை வரைந்தேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி அடிவரைக்கும் நெளிநெளியான அட்டையில் ஒரு முழு ஜாக்கெட். எங்கே பிடித்தாலும் விரல் நெளியின் முகட்டில்தான் படும், சூடு பள்ளத்துக் காற்றில் நின்றுவிடும். வரையும்போது என் மனதில் இருந்தது என் அப்பாவின் கை. அப்பா கோலார் தங்க வயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நிற்கும். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆகவே எதைப் பிடித்தாலும் உள்ளங்கை முழுவதும் வைத்து அணைத்துத்தான் பிடிப்பார். முழுக் கையாலும் பிடிக்கக்கூடிய கப்பாக அது இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிவாதமாகவே இருந்தது.

மாதிரிகளைச் சோதிப்பது மேனேஜரின் அதிகாரம். அதற்குத் தனியாக இடமோ நேரமோ கிடையாது. காலை டீ வரும்போது புதுக் கப்புகளை எடுத்து வைப்போம், ஆபீஸ் முழுக்க அதில் குடிக்கும், அவ்வளவுதான் சோதனை. கோளாறு அங்கேயே இருந்தது. பெங்களூரில் ஒரு டீயை இரண்டு பேர் பாதிப் பாதியாகக் குடிப்பதற்குப் பை-டூ என்று பெயர். எங்கள் ஆபீஸில் யாரும் வேறு மாதிரி குடித்து நான் பார்த்ததில்லை. முதலாளி, அக்கவுண்டன்ட், மேனேஜர், நான் உட்பட எல்லோருக்கும் அரைக் கப். கஞ்சத்தனம் இல்லை, கூட ஒருவர் குடித்தால்தான் டீ இறங்கும் என்ற ஊர்ப் பழக்கம். அரைக் கப்பில் டீ அடியில் கிடக்கும், மேல் பாதி காலியாக, சூடில்லாமல் இருக்கும். எல்லோர் விரலும் தானாக மேலே போய்விடும். மேனேஜர் ஒரு வாரம் போல எல்லோர் கையையும் உற்றுப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"எல்லாரும் மேலதானேம்மா பிடிக்கிறாங்க? கீழ எதுக்கு ஜாக்கெட்டு? சும்னே பேப்பர் வேஸ்ட். மேல ஒரு பட்டை விடு, சாக்கு."

போதும் என்பதற்கு அவர் எப்போதும் கன்னடத்தில் சாக்கு என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பிறகு பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள். நான் முடித்துக்கொள்ளவில்லை. சார், பாதி ஊற்றியதால் மேலே பிடிக்கிறார்கள், முழுக்க ஊற்றினால் இரண்டு விரலில் கப் நிற்காது, நசுங்கும், கை கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், கீழேதான் சுடும் என்றேன். அவர் சிரித்தார். "பெங்களூர்ல யாரும்மா ஃபுல் டீ குடிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வி தனக்கே பிடித்துப்போய், அக்கவுண்டன்ட் மேஜைக்குப் போய் அவரிடமும் ஒரு முறை கேட்டார். முழு ஜாக்கெட் போய், விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. சுடாத இடத்துக்குப் பாதுகாப்பு, சுடும் இடத்தில் வெறும் தாள். அதை என் கையாலேயே வெட்டி ஒட்ட வைத்தார்.

பட்டைக் கப்புகள் இரண்டை பொம்மனஹள்ளி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பாவுக்குப் பை-டூ பிடிக்காது. ஷிப்டு முடிந்து மேலே ஏறி வந்தவன் அரை டீ குடிப்பானா என்பார். கப்பைப் பார்த்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமா கப்பு இது? மேல மட்டும் சட்ட போட்டுனு கீழ அம்மணமா நிக்குது" என்றார். நான் சிரித்தேன். அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய டீயை அப்படியே நிறைய ஊற்றினாள். நான் வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். மேலே பிடித்தால் கப் வளைந்தது. வழக்கம்போல உள்ளங்கையைக் கீழே கொண்டுபோய் அணைத்தார். பாதி விரல்களிலும் அந்த உள்ளங்கையிலும் அவருக்கு உணர்ச்சி குறைவு, சூடு ஏறியது தெரிவதற்குள் ஏறிவிட்டது. கப் மடியில் விழுந்தது. உள்ளங்கையும் தொடையும் வெந்து, கொப்புளம் எழுந்தது. குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார், என்னைத் திட்டவில்லை. "யாரு கையப் பாத்துமா இத செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஒரு பவள மோதிரக் கையைப் பார்த்து.

மறுநாள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எல்லாக் கையும் என் அப்பா கை மாதிரிதான் இருக்கும், இந்தக் கப் அங்கே போகக் கூடாது என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அப்பாவுக்கு எந்த விரல், எப்படிப் போனது, இப்போது எந்த அளவுக்கு உணர்ச்சி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முகத்தில் அப்படி ஒரு கரிசனம். மனிதர் இளகிவிட்டார், ஜாக்கெட் திரும்பி வரும் என்று நம்பி நானும் எல்லாவற்றையும் சொன்னேன்.

கான்ட்ராக்டர் மாதிரியைப் பார்க்க வந்த அன்று மேஜையில் பட்டைக் கப்தான் இருந்தது. டீ ஊற்றும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். மேனேஜர் முன்னால் வைத்த கப்பில் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு விரலால் எடுத்தார். கப் நசுங்கி டீ தளும்பியது. வேறு வழியில்லாமல் கை கீழே இறங்கி, வெறும் தாளைச் சுற்றிப் பிடித்தது. இப்போது வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை. கான்ட்ராக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏனூ பிசி இல்லா சார், நோடி" என்றார். சூடே இல்லையாம், பார்க்கச் சொல்கிறார். விரல்கள் சிவந்து, மோதிரம் இருந்த இடத்தில் சதை பிதுங்கியது எனக்குத் தெரிந்தது. பேப்பரின் தரம், டெலிவரி, மெஷின் என்று பேசிக்கொண்டே இருந்தார். கையை விடவில்லை. பொய் சொல்ல மனிதன் இவ்வளவு வலியைத் தாங்குவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"சார், நீங்க ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க" என்று நான் கான்ட்ராக்டரிடம் சொன்னேன். அவரும் கையை நீட்டினார். அப்போது மேனேஜர் குரலைத் தாழ்த்தி, பரிதாபப்படுகிற தொனியில் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க சார். இவங்க அப்பாவுக்குக் கைல விரல் இல்ல, பாவம். அதுல இருந்து இந்தப் பொண்ணுக்கு எல்லார் கையும் அப்பா கை மாதிரியே தெரியுது. நாம ஒரு ஆளுக்காகவா கப் செய்ய முடியும்?" கான்ட்ராக்டர் சிரித்தார். நீட்டிய கையால் போனை எடுத்துக்கொண்டு, சரி அனுப்புங்கள் என்றார். கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, என்னிடமிருந்து கேட்டு வாங்கியதையெல்லாம் எதற்கு வாங்கினார் என்று அப்போது புரிந்தது. அந்த நிமிடம் நான் அவரை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். காலம் ஆற்றும் என்கிறார்கள், எனக்கு ஆற்றவில்லை.

கப்புகள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்தக் கேன்டீனுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாலே போதுமாக இருந்தது. ஒரு அம்மாள் முந்தானையைக் கப்பைச் சுற்றிக் கட்டி எடுத்துப் போனார். ஒருவர் இன்னொரு காலிக் கப்பைக் கேட்டு வாங்கி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார். கையில் ஊசி குத்தியிருந்த ஒரு இளைஞன் கப்பைச் சுவர் விளிம்பில் வைத்துவிட்டு, ஆறட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அரை டீ கேட்டு ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நாளில் ஆளுக்கு இரண்டு கப் போகிறது, கை வேறு சுடுகிறது என்று கான்ட்ராக்டர் சண்டைக்கு வந்தார். மேனேஜர் முதலாளியிடம் கூசாமல், "டிசைன் அந்தப் பொண்ணோடது சார், நான் நம்பி விட்டுட்டேன்" என்றார். என் முன்னாலேயே சொன்னார். நான் என் கத்தரிக்கோலையும் ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது தொம்மலூரில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸில் இருக்கிறேன். கப்புகள்தான் இங்கேயும். அந்த முழு ஜாக்கெட்டைத் திருத்தித் திருத்தி, கடைசியில் நினைத்த மாதிரி கொண்டுவந்துவிட்டேன். எங்கள் சோதனை மேஜையில் பை-டூ கிடையாது. விளிம்புவரை ஊற்ற வேண்டும், முழுக் கையால் பிடிக்க வேண்டும், டீ ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். மாதிரி ஒன்று வீட்டுக்கும் போகும். அப்பா குடித்துவிட்டுப் பேசாமல் அடுத்த டீ கேட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் அட்டை விற்கும் ஏஜென்ட் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் என் பழைய மேனேஜர். அதே மோதிரம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, பக்கத்திலிருந்தவர்களிடம் "நம்ம பொண்ணு இது, நான் ட்ரெயின் பண்ண பொண்ணு" என்று பெருமைப்பட்டார். "அப்பா எப்படிம்மா இருக்காரு? நல்ல மனுஷன்" என்றார். அப்பாவை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டீ கொண்டுவந்த பெண்மணி பை-டூவா என்று கேட்டதற்கு அவர் தலையாட்டினார். "ரெண்டு ஃபுல் ஊத்துங்க" என்றேன்.

என் கப்பில், விளிம்புவரை, ஆவி பறக்க டீ அவர் முன்னால் வைக்கப்பட்டது. வழக்கம்போல இரண்டு விரல் மேலே போனது. பாரம் தாங்கவில்லை. விரிந்து நின்ற மூன்று விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கி ஜாக்கெட்டில் உட்கார்ந்தன. என் அப்பா பிடிப்பதுபோலவே உள்ளங்கை முழுவதும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கப்பைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுடவே இல்லையேம்மா" என்றார்.

அன்று கை வெந்துகொண்டிருக்க, சூடே இல்லை என்று கான்ட்ராக்டரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நான் எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்த கப் அது. அப்பா பிடித்துப் பார்த்த கப். ஆனாலும் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக்கு மேலே கையை நீட்டி, அவர் பிடியிலிருந்து கப்பை வாங்கி, ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் புரியாமல் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். கப் சுடவில்லை. அது நிச்சயமான பிறகுதான் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.