உப்புத் தண்ணீரில் மூழ்கிய கல்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்து கல்லாகிப்போன பிசினுக்கு அம்பர் என்று பெயர். அதற்குள் சிக்கிய, ஓரிரு நாளே பறந்து மடியும் மேஃப்ளை பூச்சிகளை இனம் கண்டு விவரித்து எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. அது தெரிந்துதான் பூவாரிலிருந்து ஸ்டெல்லா கொல்லயிலில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். போன வருடம் கடலில் இறந்துபோன அவள் கணவர், முன்பு கல்ஃபிலிருந்து கொண்டுவந்த அம்பர் கல்லை நீட்டினாள்.

"அக்கா, உள்ள இருக்க பூச்சிக்கு பேரு என்னவாக்கும்?"

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சிறகு நரம்பும் வால் இழைகளும் துளிகூடச் சிதையவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு அதுவே உறுத்தியது. நெய்யாற்றோரம் விளக்கடியில் விழுந்து கிடக்குமே, அதே பூச்சி. சந்தேகம் தீர, உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் கல்லைப் போட்டேன். அம்பர் என்றால் மிதக்கும். இது மூழ்கியது.

"இது பிளாஸ்டிக்காக்கும் மக்கா. பூச்சியும் இப்ப உள்ளதுதான்."

ஸ்டெல்லா குனிந்து, மூழ்கிக் கிடந்த கல்லைப் பார்த்தாள்.

"ஒரு வருஷம் வீட்டுக்கு பைசா அனுப்பல்ல. எல்லாம் இந்தக் கல்லுக்குப் போச்சுன்னு சொன்னாரு. அவரு ஏமாந்ததாக்குமா அக்கா, இல்ல என்னய ஏமாத்தினதாக்குமா?"

"அவருதான் ஏமாந்திருப்பாரு" என்றேன். எனக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்லை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவர் இருந்திருந்தால் சண்டை போட்டாவது கேட்டிருப்பாள். இனி யாரிடம் கேட்பாள்? உண்மையைச் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் இன்னும் ஒப்பவில்லை.